வலி நின்ற நாளும் ஓடத் தகுந்த நாளும்

கேள்வி: எனக்கு வயது 21. 200 மீட்டர், 400 மீட்டர் ஓடும் தடகள வீராங்கனை. கடந்த பதினான்கு மாதங்களில் வலது தொடையின் பின்தசை (ஹாம்ஸ்ட்ரிங்) மூன்று முறை கிழிந்துவிட்டது. மூன்று முறையும் வளைவை முடித்து நேர்ப்பாதையில் வேகம் எடுக்கும்போதுதான் சுருக்கென்று இழுத்தது. முந்தைய இரண்டு முறையும் ஐஸ் வைத்து, மூன்று வாரம் முழு ஓய்வெடுத்து, தசையை நீட்டும் பயிற்சி செய்து, வலி அறவே நின்ற பிறகுதான் மைதானத்துக்குத் திரும்பினேன். இந்த முறை காயம்பட்டு எட்டு நாள் ஆகிறது. நடக்கும்போது வலி இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தசை பாதியளவு கிழிந்திருப்பதாகவும் தசைக்குள் செல்லும் தசைநாணிலும் கிழிசல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஏழு வாரத்தில் தகுதிப் போட்டி. பி.ஆர்.பி. ஊசி போட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்கிறார் பயிற்சியாளர். போட்டுக்கொள்ளலாமா? எந்த நாளில் இருந்து முழு வேகத்தில் ஓடலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் என்னை நிறுத்திய சொற்றொடர் "வலி அறவே நின்ற பிறகுதான்" என்பது. நீங்கள் அவசரப்படவில்லை, சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள், பொறுமையாக இருந்திருக்கிறீர்கள். இருந்தும் தசை மறுபடி கிழிந்திருக்கிறது. இதில் உங்கள் தவறு என்று எதுவும் இல்லை. வலி நிற்பதையே குணமானதன் அடையாளமாக எடுத்துக்கொண்ட பழைய வழக்கம்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. கிழிந்த தசையில் வலி முதலில் போகும், நடை அடுத்துச் சீராகும், மெதுவோட்டம் அதற்கடுத்து இயல்பாகும். முழு வேகத்தைத் தாங்கும் வலிமை கடைசியில்தான் திரும்பும். அதுவும் தானாகத் திரும்பாது, வேலை கொடுத்தால்தான் திரும்பும். உங்கள் மூன்று வார ஓய்வில் முதல் மூன்றும் நடந்தேறின. நான்காவது தொடங்கவே இல்லை.

ஏன் எப்போதும் அதே இடத்தில், நேர்ப்பாதையில் வேகமெடுக்கும்போதே இழுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் போக்கும் புரியும். விரைந்து ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணத்தில் இடுப்பு மடங்கியும் முழங்கால் நீண்டும் இருக்கும். அப்போது பின்தசை தன் உச்ச நீளத்துக்கு இழுக்கப்பட்டுக்கொண்டே, முன்னே பாயும் கீழ்க்காலைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் செய்கிறது. நீண்டுகொண்டே இறுகும் இந்த வேலைதான் தசைக்கு மிகக் கடினமானது. பின்தசைக் கூட்டத்தில் வெளிப்புறமாக அமைந்த இருதலைத் தசையின் நீண்ட தலை மற்றவற்றைவிட அதிகம் நீள்வதால், ஓட்டக் காயங்களில் பெரும்பாலானவை அங்கேதான் ஏற்படுகின்றன. வேகத்தோடு இந்தச் சுமை சீராகக் கூடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். முழு வேகத்தின் 80 சதவீதம் வரை ஒரு மாதிரியும், அதற்கு மேல் செங்குத்தாகவும் ஏறுகிறது. அதனால்தான் எழுபது சதவீத வேகத்தில் பத்துச் சுற்று வலியில்லாமல் ஓடியவர், போட்டியில் முதல் முறையாகத் தொண்ணூற்றைந்தைத் தொடும்போது விழுகிறார். அவருடைய தசை அந்தச் சுமையை அதுவரை சந்தித்ததே இல்லை.

முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவெடுக்க உங்களை அவசரப்படுத்துவது அதுதான். பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, காயத்தில் செலுத்துவது. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால் ஆறுதல் விரைவுபடும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் 80 விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி.யும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். யாருக்கு எது போனது என்பது வீரருக்கும் தெரியாது, சோதித்த மருத்துவருக்கும் தெரியாது. இரு குழுவினரும் விளையாட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் திரும்பிவிட்ட காலம், 42 நாள்தான். மறுபடி காயம்பட்டவர்கள் பி.ஆர்.பி. குழுவில் 16 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 14 சதவீதம். அடுத்த ஆண்டு கத்தாரில் 90 வீரர்களிடம் நடந்த ஆய்வும், முறையான மறுவாழ்வுப் பயிற்சியோடு ஊசியும் சேர்த்தவர்கள் அந்தப் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு முந்தியதாகக் காட்டவில்லை. இந்த ஊசி ஊக்கமருந்துப் பட்டியலில் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 2011 முதல் அது அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே தடை பற்றிய கவலை வேண்டாம். பெரிய தீங்கும் செய்யாது. ஆனாலும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சுருக்கிக்கொண்டு முன்கூட்டியே ஓடத் துணிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு ஊசியை யாராவது சொன்னால் இன்னும் கறாராக மறுத்துவிடுங்கள். அது ஆறிக்கொண்டிருக்கும் திசுவின் வலிமையைக் குறைக்கக்கூடும். ஊசியாக எந்த வழியில் செலுத்தினாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் அது தடை செய்யப்பட்டதும்கூட.

ஐஸைப் பொறுத்தவரை கதை சுவையானது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சுருக்கெழுத்தாக்கி 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் எழுதியவரும் அவரே. தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அறிவுரையைத் தானே திருத்திய அந்த நேர்மை எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. முதல் ஓரிரு நாள் வலி தணிய ஐஸ் வைப்பதில் தவறில்லை. அதற்குமேல் அது தசையைச் சேர்க்கும் மருந்தல்ல. காயத்துக்குப் பிந்தைய அழற்சி என்பது கிழிந்த நார்களை அப்புறப்படுத்திப் புதியவற்றுக்கு இடம் செய்யும் துப்புரவு வேலை. அதை முழுதாக அடக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. வலி மாத்திரைகளுக்கும் இதே கணக்குத்தான், குறிப்பாகப் பயிற்சிக்கு முன்னால் போட்டுக்கொள்வதை நிறுத்திவிடுங்கள். எவ்வளவு சுமை கூடுதல் என்று சொல்லும் ஒரே குரலை அது அடைத்துவிடும்.

உங்கள் கடிதத்தில் உண்மையில் மாற்ற வேண்டியது அந்த மூன்று வார முழு ஓய்வு. டென்மார்க்கில் தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்த 50 பொழுதுபோக்கு வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காயத்தின் இரண்டாம் நாளிலும் மற்றதற்கு ஒன்பதாம் நாளிலும் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கினார்கள். பயிற்சி ஒன்றுதான், தொடங்கிய நாள் மட்டுமே வேறு. முந்தித் தொடங்கியவர்கள் 62.5 நாளிலும் பிந்தித் தொடங்கியவர்கள் 83 நாளிலும் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். 2017இல் வெளியான இந்த முடிவைப் பார்த்தபோது, ஒரே ஒரு வாரச் சும்மா இருத்தல் பின்னால் மூன்று வாரமாகப் பெருகுகிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது. அசையாத தசை விரைவில் மெலிகிறது. புதிதாக உருவாகும் நார்கள் இழுவிசை எந்தத் திசையில் வருகிறதோ அதையொட்டித்தான் வரிசைப்படுகின்றன. இழுவையே இல்லாவிட்டால் தாறுமாறான வடுதான் மிஞ்சும். உங்களுக்கு எட்டு நாள் கழிந்துவிட்டது. வருந்த வேண்டாம், ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கிக் குதிகாலைத் தரையில் அழுத்திப் பத்து விநாடி பிடிப்பதும், இரு காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துவதும், வலி பத்துக்கு இரண்டு மூன்றைத் தாண்டாத அளவில் நடைவேகத்தைக் கூட்டுவதும் முதல் வாரத்துக்குப் போதும்.

நீட்டும் பயிற்சியை மட்டும் நம்பியதும் ஒரு குறை. தசையை வெறுமனே இழுத்துப் பிடிப்பதற்கும், நீண்ட நிலையில் அதைச் சுமை தாங்க வைப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. சுவீடனைச் சேர்ந்த காரல் ஆஸ்க்லிங் இதைத் தெளிவாகக் காட்டியவர். மேல்மட்ட விரைவோட்ட வீரர்களும் தாண்டும் வீரர்களுமாக 56 பேரிடம் அவர் குழு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தசையை நீள வைத்தே வலுவூட்டும் மூன்று பயிற்சிகளைச் செய்தவர்கள் சராசரியாக 49 நாளில் முழுப் பயிற்சிக்குத் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு 86 நாள் ஆனது. உங்களைப் போலத் தடத்தில் ஓடுகிறவர்களிடமே செய்யப்பட்டது என்பதால் இந்த ஆய்வை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். அந்த மூன்று பயிற்சிகளுக்கும் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் முதல் சில தடவைகள் இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், ஏனெனில் இடுப்பை வளைக்க வேண்டிய இடத்தில் முதுகை வளைத்து எல்லோரும் ஏமாற்றிவிடுகிறோம்.

இனி, உங்கள் ஸ்கேன் அறிக்கையின் அந்தக் கடைசி வரி. தசைக்குள் செல்லும் தசைநாணிலும் கிழிசல் இருக்கிறது என்பது நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. பிரிட்டன் தடகள மருத்துவர்கள் 2014இல் வகுத்த தரப்பிரிவில், கிழிசலின் அளவை 0 முதல் 4 வரையும், அது இருக்கும் இடத்தை உறை, தசை, தசைநாண் என மூன்றாகவும் குறிக்கிறார்கள். அவர்களுடைய 44 தடகள வீரர்களின் 65 பின்தசைக் காயங்களைத் தொடர்ந்து கவனித்ததில், தசைநாணுக்குள் புகுந்த கிழிசல்கள் ஆறக் கூடுதல் காலம் எடுத்தன, திரும்பவும் அதிகமாகக் கிழிந்தன. தசைநாண் என்பது தசையின் நடுவே ஓடும் கயிறு போன்றது. சுற்றியுள்ள சதை சேர்ந்துவிட்டாலும் கயிறு தன் இறுக்கத்தைத் திரும்பப் பெற வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் வலியும் பெரிதாக இருக்காது என்பதுதான் இதிலுள்ள கண்ணி. முந்தைய இரண்டு காயங்களுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படங்களையும் இப்போதையதோடு வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். முதல் காயத்திலேயே இந்தக் கயிறு பழுதுபட்டிருந்ததா என்பது தெரிந்தாக வேண்டும். இந்தக் காரணத்தால்தான், சற்று முன் சொன்ன நீள வைத்து வலுவூட்டும் பயிற்சிகளையும் வேகமான ஓட்டத்தையும் உங்களுக்குக் கொஞ்சம் தள்ளியே தொடங்க வேண்டும் என்கிறேன். இன்று முதல் சாதாரண வேலை, கனமான சுமைகள் மெல்ல. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. அதே சமயம், குணமான பிறகு மறு ஸ்கேன் எடுத்துப் படம் சுத்தமாக இருந்தால்தான் ஓடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவச் சோதனையில் முழுவதும் தேறிய வீரர்களின் ஸ்கேன்களைப் பார்த்தபோது 89 சதவீதத்தில் காயத்தின் சாயல் இன்னும் தெரிந்தது. அனுமதி தரும் வேலையைச் சோதனைகள்தான் செய்ய வேண்டும்.

அந்தச் சோதனைகளில் ஒன்றைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் ஓட்டக்காரர் என் அறைக்கு வந்தார். வலி இல்லை, மறுநாள் போட்டிக்குப் போக அனுமதி வேண்டும் என்றார். அழுத்திப் பார்த்தேன், முகம் சுளிக்கவில்லை. காலை மெதுவாக உயர்த்தினேன், இரண்டு காலும் ஒரே அளவு உயர்ந்தன. பிறகு மல்லாந்து படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல், முதலில் நல்ல காலையும் பிறகு காயம்பட்ட காலையும் தானே முடிந்தவரை வேகமாக மேலே வீசச் சொன்னேன். நல்ல கால் சாட்டையைப் போல எழுந்தது. மற்ற கால் பாதி தூரத்தில் வேகம் குறைந்து, தயங்கி, மெல்லத்தான் மேலே போனது. வலித்ததா என்று கேட்டேன். "வலிக்கவில்லை, ஆனால் என்னவோ பயமாக இருந்தது" என்றார். அந்தப் பயம்தான் விடை. ஆஸ்க்லிங் வகுத்த சோதனை இது. வலி முழுவதும் போன பிறகு, தகுந்த ஆளின் முன்னிலையில் மட்டும் செய்ய வேண்டியது. அதில் அந்தத் தயக்கம் இருக்கும்வரை முழு வேகத்துக்குப் போகக் கூடாது. அவரை அன்று திருப்பி அனுப்பினேன். முகம் வாடித்தான் போனார். ஆனால் அந்தத் தயக்கத்தோடு பிளாக்கில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த நாளில் ஓடலாம் என்று கேட்டீர்கள். நாட்காட்டியில் ஒரு தேதியைக் காட்ட மாட்டேன், படிகளைத்தான் சொல்ல முடியும். வலியின்றி வேகமாக நடக்க முடிந்ததும் மெதுவோட்டம். அதன் மறுநாள் காலையில் தசை இறுகியிருக்கவில்லை என்றால் நேர்ப்பாதையில் பாதி வேகம். பிறகு அறுபது, எழுபது, எண்பது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு பயிற்சி நாட்கள், நடுவே ஒரு நாள் இடைவெளி. எண்பதுக்கு மேல் ஐந்தைந்தாக மட்டுமே ஏற வேண்டும், ஏனென்றால் சுமை செங்குத்தாக ஏறும் பகுதி அது. வளைவில் ஓடுவதை நேர்ப்பாதையில் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்ட பிறகே தொடங்குங்கள். உங்களுக்கு மூன்று முறையும் இழுத்தது வளைவிலிருந்து நேராகும் அந்த இடம் என்பதால், அதையே தனியாக எடுத்து, கடைசி முப்பது மீட்டர் வளைவும் முதல் முப்பது மீட்டர் நேர்ப்பாதையுமாக, களைப்பில்லாத நிலையிலும் பிறகு களைத்த நிலையிலும் ஓடிப் பழக வேண்டும். முழு வேக ஓட்டத்தைப் போட்டிக்கு முன் பல நாட்களில், பல முறை, அசம்பாவிதமின்றி முடித்திருக்க வேண்டும். பின்தசையின் வலிமையை இயன்முறை மருத்துவர் கருவியில் அளக்கும்போது, நீண்ட நிலையிலும் இரு காலுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது என் வழக்கம்.

விரைவாகத் திரும்புவதையே வெற்றியாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு ஓர் ஆய்வு என் மனத்தில் நிற்கிறது. 48 கால்பந்து வீரர்களில் ஒரு குழுவுக்கு நீள வைத்து வலுவூட்டும் பொதுவான பயிற்சித் திட்டம். மற்றொரு குழுவுக்கு ஒவ்வொருவரின் குறைகளையும் பார்த்து, படிப்படியான தகுதிகளை எட்டினால் மட்டுமே அடுத்த கட்டம் என்ற திட்டம். முதல் குழு சராசரியாக 23 நாளிலும் இரண்டாவது 25 நாளிலும் திரும்பின. ஆனால் பிறகு முதல் குழுவில் ஆறு பேருக்கு மறுபடி கிழிந்தது, இரண்டாவதில் ஒருவருக்கு மட்டுமே. இரண்டே நாளில் இருந்த வேறுபாடு அது. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பின்தசை பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆண்களிடம், அதிலும் கால்பந்து வீரர்களிடம் நடந்தவை. உங்களைப் போன்ற ஓட்ட வீராங்கனைகளுக்கு அவற்றின் நாள் கணக்கை அப்படியே ஒட்ட வைக்க முடியாது. போகும் திசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தேறிய பிறகு நிறுத்திவிடக் கூடாத பயிற்சி ஒன்று உண்டு. முழங்காலிட்டு நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்ந்து, விழுவதைப் பின்தசையால் தடுக்கும் நார்டிக் பயிற்சிதான் அது. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் இதைச் செய்த அணிகளில் 15 காயங்களும் செய்யாத அணிகளில் 52 காயங்களும் ஏற்பட்டன. பயன் அதிகம் கிடைத்தது ஏற்கனவே காயம்பட்டவர்களுக்கு. தொடங்கும்போது வாரம் ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு சுற்று மட்டும். முதல் இரண்டு வாரம் தசை நன்றாகவே வலிக்கும், அது கிழிசல் அல்ல. தசைநாண் பழுதுபட்ட உங்களுக்கு இதை எந்த வாரத்தில் தொடங்குவது என்பதைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பயிற்சியாளரிடம் இதை வார்ம்-அப்பின் பகுதியாகவே ஆக்கிவிடச் சொல்லுங்கள். தனியாகச் செய்யச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

ஏழு வாரத்தில் வரும் போட்டியைப் பற்றி என் கருத்து: பெயரைக் கொடுத்து வையுங்கள், ஆனால் ஐந்தாம் வார இறுதிக்குள் நேர்ப்பாதையில் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டிருக்காவிட்டால் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தசைநாண் கிழிசலோடு ஏழு வாரம் என்பது எனக்குக் குறுகலாகவே படுகிறது. பின்தசை மறுபடி கிழிவது பெரும்பாலும் திரும்பிய முதல் இரண்டு மாதத்துக்குள்தான், உங்களுக்கோ இது நான்காவதாகிவிடும். இந்தப் பக்கத்தைப் பயிற்சியாளரோடு சேர்ந்து படியுங்கள். ஊசியைச் சொன்னவரும் உங்கள் நலம் நாடித்தான் சொல்லியிருக்கிறார். இடையில் எப்போதாவது உட்காரும் எலும்புக்கு அருகே படாரென்ற சத்தம், நடக்கவே முடியாத வலி, தொட்டால் தெரியும் பள்ளம், தொடையெங்கும் கருநீலமாகப் பரவும் ரத்தக்கட்டு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, அன்றைக்கே எலும்பியல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தால் அதைத் தைப்பது முதல் சில வாரங்களில் எளிது, மாதங்கள் கழிந்தால் மிகக் கடினம்.